பழக்கம் எதுவும் இல்லை

ஒரு தனியார் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, மாணவர் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியின் பெயர் வேண்டாம். புதுச்சேரியில் இருந்தது என்பது போதும், என் வேலை என்னவாக இருந்திருக்கும் என்பதை அதுவே சொல்லிவிடும். வெளியூர்ப் பையன்கள் இங்கே இடம் கிடைத்ததும் பாடத்திட்டத்தைக் கேட்கமாட்டார்கள். கடற்கரை எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது கடலை அல்ல, போகிற வழியிலிருக்கும் கடைகளை.

விடுதியில் குடித்துப் பிடிபடுகிறவர்களுக்காக ஓர் உறுதிமொழிப் படிவம் தயாரித்து வைத்திருந்தேன். மூன்று பிரதி. ஒன்று துறைத் தலைவருக்கு, ஒன்று பெற்றோருக்கு, ஒன்று என் கோப்புக்கு. முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை அப்பா அம்மா நேரில் வர வேண்டும், மூன்றாம் தடவை பெட்டியைக் கட்ட வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது சில நாட்களில் நல்ல பொழுதுபோக்காகவே இருக்கும்.

"என்னடா வாசனை?"

"இருமல் மருந்து சார்."

"எத்தினி பாட்டில்?"

"ரூம்ல நாலு பேருக்கும் இருமல் சார்."

இதே பையன்கள்தான் காலையில் ஆறு முட்டை வெள்ளைக்கரு தின்பார்கள். சர்க்கரை கெடுதல் என்று காபியை வெறும் கசப்பாகக் குடிப்பார்கள். விடுதிச் சமையலில் எண்ணெய் அதிகம், உடம்புக்கு ஆகாது என்று எனக்கே மனு எழுதியிருக்கிறார்கள். மனுவைக் கொண்டுவந்தவனின் மூச்சை வைத்து, முந்தின நாள் சாயங்காலம் எந்தக் கடை என்று என்னால் சொல்லியிருக்க முடியும்.

வருடம் ஒரு தடவை எல்லாருக்கும் உடல்நல அட்டை. அதில் ஒரு வரி: மதுப் பழக்கம் உண்டா, இல்லையா. நான் இருந்த காலம் முழுவதும் ஒருவன்கூட 'உண்டு' என்று எழுதியதில்லை. என் கோப்புகளை நம்பினால், இந்த ஊரில் மதுவை முகர்ந்தும் பார்க்காதவர்கள் எங்கள் மாணவர்கள் மட்டும்தான். பிறகு ஓர் ஆலோசகரை நியமித்தார்கள், வாரத்துக்கு இரண்டு நாள். அவரைப் பார்க்க விரும்புகிறவன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று நான்தான் விதி செய்தேன். அதற்கும் மூன்று பிரதி, அதே மூன்று பேருக்கு. அந்த வருடம் அவரிடம் ஒருவன்கூடப் போகவில்லை. பிரச்சினை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினேன்.

இதையெல்லாம் சாப்பிடும்போது வீட்டில் சொல்வேன். என் மனைவி பாதி கேட்பாள். எங்கள் ஒரே மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். "எங்க அப்பாகிட்ட தும்மனாக்கூட மூணு காப்பி எடுத்துடுவாரு" என்று சிநேகிதர்களிடம் சொல்வானாம். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து சாராயக் கடை வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். தெருவே அறிந்த விஷயம், யாரும் அதை மறைத்ததில்லை. மாதா கோயில் பங்குச் சாமியார்கூட, "இன்னிக்கு எத்தினி கிளாஸ்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார். நான் அந்தத் தெருவிலிருந்து படித்து மேலே வந்தவன். அந்த வாசனை என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. அதுதான் வினையாயிற்று என்று இப்போது நினைக்கிறேன்.

மகன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு மாணவன். ஆறாவது வருடம். மூலக்குளத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஊரைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போவான். முதல் இரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் தன் சோதனைகளைப் பற்றிப் பேசினான். மூன்றாம் வருடம் அவனுடைய கட்டுரை ஒன்று திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று. அதன் பிறகு பேச்சு குறைந்தது, வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிப்போனது. கையில் அடி எண்ணும் கடிகாரம் கட்டிக்கொண்டான். பத்தாயிரம் அடி நடக்காமல் தூங்கமாட்டான். பச்சைத் தேநீர் குடித்தான். முகம் மட்டும் காலையில் ஊதியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய்.

முப்பது வருடம் மாணவர்களின் மூச்சைப் பரிசோதித்தவனுக்குப் புதினா மிட்டாயின் பொருள் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் நான் ஒரு விதியோடு வாழ்ந்தவன்: எழுத்தில் வராத எதுவும் நடந்ததாக ஆகாது. காலையில் காபித் தம்ளரை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போனிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்தில் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று சொல்லி, ஆஸ்பத்திரி பெயரையும் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். மீன் விற்கிற அம்மா. அவள் புடவையில் என் மகனின் இரத்தம்.

"ஒங்க புள்ளயா சார்? உள்ள இட்டுனு போயிருக்காங்க. காலுதான் போச்சி. பேச்சு மூச்சு இருக்கு."

"என்னம்மா ஆச்சு? எதாவது குறுக்க வந்துச்சா?"

"நாயி கீயி ஒண்ணும் வரல சார். வண்டில வரும்போதே கையி காலு வெடுக்கு வெடுக்குனு இழுத்துக்கிச்சி. வண்டி தானா கோணிக்கினு போயி உயுந்துச்சி. வாயில நொர. நான்தான் சாவிக்கொத்த கையில குடுத்தேன். டாக்டரம்மாகிட்ட மறக்காம சொல்லுங்க."

சொல்கிறேன் என்று சொன்னேன். அவள் தன் கூடையைப் பார்க்க ஓடினாள்.

உள்ளே இளம் பெண் மருத்துவர் ஒருவர் அட்டையை வைத்துக்கொண்டு நின்றார். மகன் கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது.

"எப்படி விழுந்தார்?"

"நாய் குறுக்க வந்துடுச்சி டாக்டர்."

"வலிப்பு, மயக்கம் எதாவது?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"பழக்கம் எதுவும் இல்ல."

அவர் எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிப்பது அலுவலகத்தில் வந்த பயிற்சி. நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் இருக்கிறது, நல்ல தெளிவான பதில். விபத்துப் பதிவேட்டில் மது என்று விழுந்தால் அது போலீசுக்குப் போகும். போலீசிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாலு மாதம் இருக்கும்போது ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடும். வலிப்பு என்று விழுந்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள், ரசாயனங்களோடு வேலை செய்கிற இடம். அந்த மருத்துவர் பேனாவைத் திறந்தபோது, எனக்கு அந்தத் தாளின் பிரதிகள் மூன்று திசையிலும் பறப்பது தெரிந்தது. வழிமுறை தெரியாத அப்பனாக இருந்திருந்தால் பயத்தில் எல்லாவற்றையும் உளறியிருப்பான். மகன் பிழைத்திருப்பான்.

மாலையில் மயக்க மருந்து கொடுப்பவர் வந்தார். மறுநாள் அறுவை சிகிச்சை. மனைவி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். மகனின் ஆய்வகத்தில் உடன் படிக்கும் பெண் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். விழுப்புரம் பக்கத்துப் பெண், மத்தியானமே செய்தி கேட்டு வந்துவிட்டாள்.

"சிகரெட், டிரிங்க்ஸ் எதாவது உண்டா? ஒளிக்காம சொல்லுங்க. எங்களுக்குத் தெரியணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மகன் உதட்டைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் கெடையாது சார். ரொம்ப ஹெல்த் பாக்குற பையன். சக்கரகூட சேத்துக்கமாட்டான்."

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, அறுவை அரங்குக்கு அழைத்துப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஜன்னல் வழியாக வெயில் அவன் முகத்தில் விழுந்தது. எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

"அப்பா."

"என்னப்பா?"

"நேத்து டாக்டர் கேட்டாரே. நீங்க இல்லன்னுட்டீங்க."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியும்தானப்பா?"

திரைச்சீலையின் ஓரத்தைச் சரிசெய்தேன். அவன் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? கடைசியா எப்ப குடிச்ச?"

"சனிக்கிழமை. அன்னியோட விட்டுட்டேன்பா. சத்தியமா. இருந்ததக்கூட லேப் சிங்க்ல ஊத்திட்டேன். ஞாயித்துக்கிழமை ஃபுல்லா தொடல."

"அப்ப திங்கக்கிழமை கேட்டப்ப பழக்கம் இல்லதான? நான் சொன்னதுல தப்பே இல்லியே."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான், சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் சிரிப்பானே, அதே மாதிரி. கால் வலியில் முகம் சுளித்தான்.

"உங்ககிட்ட ஜெயிக்க முடியாதுப்பா."

அவன் கை போர்வையின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை பயம் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் திருப்பி அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. உறுதிமொழிப் படிவத்தில் 'இந்த நிமிடம் முதல் முற்றிலும் நிறுத்திவிடுகிறேன்' என்று எழுதியவன் நான். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அப்படி நிறுத்துவது சிலருக்கு உயிருக்கே ஆபத்து என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. படிவத்தில் எழுதியிருந்ததைத்தான் என் மகன் அப்படியே செய்திருந்தான். யாரும் பிடிக்காமல், யாரும் கையெழுத்துக் கேட்காமல், தானாக.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை காலையில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. தலையணை உறையை இரண்டு தடவை மாற்றினார்கள். கேரளத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருவர், வயதானவர், அவன் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சாரே, மகன் டெய்லி குடிக்கிறதா? என்னோட சொல்லு, பரவாயில்ல."

அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. என் அப்பாவிடம் சாமியார் கேட்ட மாதிரி கேட்டார். அந்த நிமிடம் என் வாய் உண்மையாகவே திறந்தது. அதற்குள் அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டேன். இரண்டு தடவை கொடுத்த வாக்குமூலத்தை மூன்றாம் தடவை மாற்றினால் முதல் இரண்டும் பொய் என்று ஆகும். பொய்த் தகவல் கொடுத்தவர்: தகப்பனார்.

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

மத்தியானம் மகன் போர்வையைத் தட்ட ஆரம்பித்தான். எறும்பு என்றான். வெள்ளைப் போர்வை, ஒன்றும் இல்லை. பிறகு சுவரோரம் யாரையோ பார்த்து, "சார், எக்ஸ்பெரிமென்ட்ட இன்னும் ஒரே ஒரு தடவ பண்ணிட்டு ரிசல்ட் குடுத்துடறேன் சார்" என்று கெஞ்சினான். கையில் போகிற குழாயைப் பிடுங்கப் பார்த்தான். மயக்க மருந்து இறங்கவில்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அவன் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டே இருந்தாள்.

ஆய்வகப் பெண் என்னை வெளியே வரச் சொன்னாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றோம்.

"அங்கிள், சொல்லிடுங்க. நெட்ல பாத்தேன். டக்குனு நிறுத்துனா இப்பிடித்தான் ஆகுமாம். ரொம்ப டேஞ்சர்னு போட்டிருக்கு."

"நெட்ல ஆயிரம் போடுவான்மா. இப்ப சொன்னா ரெக்கார்டுல ஏறிடும். நாலு மாசத்துல அவன் சப்மிட் பண்ணணும்."

"ஆளே இல்லாம எத அங்கிள் சப்மிட் பண்றது?"

"பெரியவங்ககிட்ட பேசற மாதிரி பேசு."

அவள் முகம் சிவந்துவிட்டது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். பிறகு துடைக்காமலே நேராக நர்ஸ் மேசைக்கு நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. நிறுத்தவும் இல்லை. இதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை. என் கால் எந்தப் பக்கமும் நகரவில்லை, அவ்வளவுதான்.

பதினைந்து நிமிடத்தில் கட்டிலைச் சுற்றி நாலு பேர். ஊசிகள் போட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் எழுதிய இளம் மருத்துவர் என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட மோசமாக, சாந்தமாகப் பேசினார்.

"எத்தனை வருஷமா சார்?"

"மூணு வருஷம் இருக்கும்."

"விழுந்தப்ப வலிப்பு வந்துச்சா?"

"வந்துச்சின்னு சொன்னாங்க."

"யாரு?"

"மீன்காரம்மா."

அவர் அதை அட்டையில் எழுதினார். "திங்கக்கிழமையே ஆரம்பிச்சிருந்தா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, "சரி, பாக்கலாம்" என்று முடித்தார். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொன்னதை நம்பினார்கள், உண்மை தெரிந்த நிமிடத்திலிருந்து செய்ய வேண்டியது எல்லாம் செய்தார்கள்.

வியாழக்கிழமை மறுபடி வலிப்பு. அடங்கவில்லை. வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம்தான் மூச்சு விட்டது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் அதையும் எடுத்துவிட்டார்கள். அவன் குடியை நிறுத்தி அன்றோடு ஒரு வாரம்.

கல்லறைக்கு நிறைய ஆய்வு மாணவர்கள் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அந்த விழுப்புரத்துப் பெண் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றாள். நான் அவளிடம் போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், நான் அவர்களுக்குள் மறைந்துகொண்டேன். பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

ஆபரேஷனில் ஏதோ கோளாறு என்று உறவினர்கள் அவர்களாகவே ஒரு காரணம் செய்துகொண்டார்கள். ஒரு மைத்துனர் வக்கீலைப் பார்க்கலாம் என்றார். "வேணாம், அவங்கமேல தப்பு இல்ல" என்றேன். பெருந்தன்மை என்று பாராட்டினார்கள்.

மனைவியிடம் சொல்லாமல் பதினொரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை, அவள் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். அலுவலக அறிக்கை மாதிரிதான் சொல்ல வந்தது: அவன் குடித்துக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும், டாக்டர் கேட்டார், இல்லை என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"குடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு வருஷமா நான்தான் அவன் பைய தொழாவி பாட்டில எடுத்துக் கொண்டுபோயி மூணாவது தெருக் குப்பையில போடுவேன். எங்க நீங்க பாத்துடுவீங்களோன்னு. அவனக் கூப்ட்டு வெச்சி எழுதி வாங்கிடுவீங்களோன்னு பயம். கோயில்ல நோவேனா ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு இதுக்குத்தான் போவேன்."

பால் பொங்கி வந்தது. தீயைக் குறைத்தாள்.

"ஆஸ்பத்திரில ஒரு நாளாவது எங்கிட்ட யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்கதான் எல்லாப் பேப்பரையும் கையில வெச்சிக்கினு நின்னீங்களே. நீங்க இருக்கீங்களே, டாக்டருக்குச் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியிருப்பீங்கன்னு நான் சும்மா ஜெபமால உருட்டிக்கினு ஒக்காந்திருந்தேன்."

அப்போதுதான் திரும்பினாள். அழவில்லை. ஒரு தகவலைச் சரிபார்ப்பதுபோல் கேட்டாள்.

"எத்தினி தடவ கேட்டாங்க?"

"மூணு தடவ."

"மூணு தடவையும் இல்லன்னா சொன்னீங்க?"

"மூணு தடவையும்."

அவள் அடுப்பை அணைத்தாள். காபி கலக்காமலே என்னைக் கடந்து மகனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. மத்தியானம் வரைக்கும் அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் அவனுடைய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பது கேட்டது. கதவைத் தட்டலாமா என்று யோசித்தேன். தட்டினால் உள்ளே போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவள் இப்போது அந்த அறையில்தான் தூங்குகிறாள்.